கடன் வரம்பை உயர்த்தக் கை தூக்கலாமா?

கேள்வி:

ஈரோட்டுக்கும் கோபிக்கும் நடுவில் எங்கள் ஊர். 1978-இல் பத்துப் பதினைந்து பேர் டென்னிஸ் ஆட ஆரம்பித்த இடம், இன்று 540 உறுப்பினர்கள் உள்ள விளையாட்டுக் கிளப். பதிவு செய்த சங்கம். மாதச் சந்தா 750 ரூபாய். நிர்வாகக் குழு 50 லட்சம் வரை கடன் வாங்கலாம் என்று பைலாவில், அதாவது சங்க விதிகளில், இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு அந்த 50 லட்சத்தையும் வாங்கி டென்னிஸ் கோர்ட்டைப் புதுப்பித்தார்கள். இன்னும் 38 லட்சம் பாக்கி. இப்போது வரம்பை 3 கோடியாக உயர்த்த வரும் 17-ஆம் தேதி சிறப்புப் பொதுக்குழு கூடுகிறது. உள்ளரங்கில் நாலு ஷட்டில் கோர்ட், நீச்சல் குளம், பார்க்கிங் எல்லாம் சேர்த்து இரண்டரைக் கோடி கடன் என்கிறார்கள். செயலாளர் என் மனைவியின் அண்ணன். என்னையும் குழுவில் சேர்ந்து வங்கிப் பேப்பரில் கையெழுத்துப் போடச் சொல்கிறார். என் மகன் பார்சிலோனா கால்பந்து கிளப்பின் ரசிகன். "அங்கே உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத்தான் கடன் வாங்கினாங்க, நாம ஏன் பயப்படணும்" என்கிறான். நோட்டீஸ், கணக்கு நகல்களை இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

ஆடிட்டரின் பதில்:

உங்கள் நோட்டீஸை மூன்று முறை படித்தேன். அதில் ஷட்டில் கோர்ட் என்ற வார்த்தையே இல்லை, நீச்சல் குளமும் இல்லை. "நிர்வாகக் குழுவின் கடன் பெறும் வரம்பை ரூ.50 லட்சத்திலிருந்து ரூ.3 கோடியாக உயர்த்த ஒப்புதல் கோருதல்" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. கோர்ட்டும் குளமும் வாட்ஸாப்பில் வந்த வண்ணப் படத்தில்தான் இருக்கின்றன. நீங்கள் கை தூக்கப்போவது அந்தப் படத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் அந்த ஒரு வரிக்குத்தான் கை தூக்கப்போகிறீர்கள்.

இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வேலைக்காக இவ்வளவு கடன் என்று அனுமதி கொடுத்தால் அந்த வேலை முடிந்ததும் அனுமதியும் முடிந்துபோகும். வரம்பை உயர்த்தினால் அது பைலாவிலேயே உட்கார்ந்துகொள்ளும். உங்கள் மச்சான் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு அடுத்து வருகிற செயலாளரும் அதற்கு அடுத்தவரும் அதே 3 கோடி வரம்பில், உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கடன் வாங்கலாம். பாதிக் கடன் அடைந்ததும் திரும்ப மேலே ஏற்றலாம். இது ஒருவர்மேல் உள்ள நம்பிக்கையைப் பொறுத்த விஷயமே இல்லை. நம் பக்கத்தில் இது எப்போதும் நம்பிக்கைப் பிரச்சினையாக மாறிவிடுகிறது என்பதால் இதைச் சொல்கிறேன். செயலாளர் மாமனாகவோ பங்காளியாகவோ இருப்பார். கேள்வி கேட்டால் "என்னையே சந்தேகப்படறியா" என்பார். கேட்க வந்தவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

அடுத்து உங்கள் கணக்கு. 2024-25 வரவு செலவில் வருமானம் 1 கோடியே 1 லட்சத்து 60 ஆயிரம் என்று இருக்கிறது. தேய்மானத்தை (கட்டடமும் சாமான்களும் பழசாவதற்குக் கணக்கில் மட்டும் எழுதும் செலவு) ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் செலவு 86 லட்சம். மிச்சம் 15 லட்சத்து 60 ஆயிரம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. "வருசம் பதினஞ்சு லட்சம் மிச்சம் பண்ற கிளப்" என்று செயலாளர் எழுதியிருப்பதில் பொய் இல்லை. ஆனால் வருமானப் பக்கத்தில் நாலாவது வரியை விரல் வைத்துப் பாருங்கள். புது உறுப்பினர் சேர்க்கைக் கட்டணம், 18 பேர், ஆளுக்கு ஒன்றரை லட்சம், மொத்தம் 27 லட்சம். இது ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறை கட்டுகிற பணம். அடுத்த வருடம் அதே 18 பேர் வரமாட்டார்கள். வேறு 18 பேரைத் தேட வேண்டும். அதைக் கழித்துவிட்டால் சந்தா 48 லட்சத்து 60 ஆயிரம், கேன்டீன் 11 லட்சம், பயிற்சி முகாமும் கோர்ட் கட்டணமும் 9 லட்சம், புல்வெளி வாடகை 6 லட்சம், ஆக 74 லட்சத்து 60 ஆயிரம். செலவோ 86 லட்சம். அன்றாட வரவை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் கிளப் வருடம் 11 லட்சத்து 40 ஆயிரம் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. புது ஆள் கொண்டுவரும் பணத்தில் பழைய ஆளின் கரண்ட் பில்லைக் கட்டுகிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பழைய கடனில் வட்டி மட்டும்தான் செலவுக் கணக்கில் வரும். அசல் திருப்பிக் கட்டுவது அங்கே வராது, இருப்புநிலைக் குறிப்பில் கடன் குறைந்ததாகத்தான் தெரியும். போன வருடம் அசலாகப் போனது சுமார் 6 லட்சம். அந்த 15 லட்சத்து 60 ஆயிரத்தில் இதையும் கழித்துப் பாருங்கள்.

சரி, புதுக் கடனுக்கு வருவோம். இரண்டரைக் கோடி, பத்து வருடம், வங்கி சொன்னதாக நீங்கள் எழுதிய பத்தரை சதவீத வட்டி. மாதத் தவணை 3 லட்சத்து 37 ஆயிரம் வருகிறது. பழைய கடனின் தவணை மாதம் 84 ஆயிரம். இரண்டும் சேர்த்து 4 லட்சத்து 21 ஆயிரம். உங்கள் 540 பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் சந்தா கட்டினாலும் மாதம் வருவது 4 லட்சத்து 5 ஆயிரம். மொத்தச் சந்தாவையும் அப்படியே வங்கிக்கு அனுப்பினாலும் 16 ஆயிரம் துண்டு விழும். வாட்ச்மேன், கோர்ட் பெருக்குகிறவர், கரண்டு, சொத்து வரி எல்லாவற்றுக்கும் வேறு எங்கிருந்தாவதுதான் பணம் வர வேண்டும். வேறு வழியில் சொன்னால், புதுக் கடனுக்காக மட்டும் ஒவ்வோர் உறுப்பினரும் மாதம் 625 ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும், பத்து வருடத்துக்கு. நோட்டீஸில் சந்தா உயர்வு பற்றி ஒரு சொல்கூட இல்லை. வரம்புக்கு இன்று ஓட்டு வாங்கிவிட்டுச் சந்தாவை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றால், அது நல்ல வரிசை ஆகாது. இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

வட்டி மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏற்றியது. பத்தே மாதத்தில் இரண்டரை சதவீதம். அதே மாதிரி இன்னொரு முறை ஏறி உங்கள் கடன் 13 சதவீதத்துக்குப் போனால் தவணை மாதம் 36 ஆயிரம் கூடும். அப்புறம் ஜிஎஸ்டி. கட்டட ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம் உண்டு, கட்டடத்துக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கிளப் திரும்ப ஈடுகட்டிக்கொள்ள முடியாது. என்ஜினியர் கொடுத்த மதிப்பீட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய தாளில் "வரிகள் தனி" என்று கடைசியில் பொடி எழுத்தில் இருக்கிறது.

உங்கள் மகன் சொன்னது உண்மைதான். பார்சிலோனா கிளப் அதன் உறுப்பினர்களுக்குச் சொந்தமானது. 2021 டிசம்பரில் மைதானத்தையும் சுற்றியுள்ள வளாகத்தையும் புதுப்பிக்க 150 கோடி யூரோ வரை நிதி திரட்டலாமா என்று உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது, கிட்டத்தட்ட 88 சதவீதம் பேர் சரி என்றார்கள். அவனிடம் இன்னும் இரண்டு விஷயம் சொல்லுங்கள். அங்கே என்ன வேலை, எவ்வளவு பணம் என்று பெயர் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள். அடுத்தது, 2024 கடைசியில் சொந்த மைதானத்துக்குத் திரும்பிவிடலாம் என்ற திட்டம் தள்ளிப்போய், 2025 நவம்பரில்தான், அதுவும் எல்லா இருக்கைகளும் திறக்காமல், ஆட முடிந்தது. அவ்வளவு பெரிய கிளப்புக்கே கட்டட வேலை ஒரு வருடம் இழுத்தது. உங்கள் ஊரில் மேஸ்திரி ஆடி மாதம் முடித்துத் தருகிறேன் என்றால் தை வரைக்கும் கையில் பணம் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். வங்கித் தவணை மேஸ்திரிக்காகக் காத்திருக்காது.

அதே பார்சிலோனாவில் இன்னொன்றும் நடந்தது. அன்றிருந்த ஸ்பெயின் நாட்டுச் சட்டப்படி, கிளப்பின் வரவு செலவுத் திட்டத்தில் 15 சதவீதத்துக்குத் தலைவரும் குழுவும் தங்கள் பொறுப்பில் உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. 2021-இல் ஜோன் லபோர்ட்டா தலைவராகப் பதவியேற்கும் முன் சுமார் 12.5 கோடி யூரோவுக்கு அதைத் திரட்ட அலைந்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் கவலை தந்த வரி, "வங்கிப் பேப்பரில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்" என்பதுதான்.

2011-ஆம் வருடம். ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அப்போது அந்தப் பக்கத்துக் கிளப் ஒன்றுக்கு நான் தணிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். உறுப்பினர்களில் பாதிக்குமேல் சாயம், பனியன், நூல் வியாபாரம். முதல் இரண்டு மாதம் சந்தா தாமதமானது. மூன்றாவது மாதம் அறிவிப்புப் பலகையில் பாக்கிதாரர் பட்டியல் ஒட்டினார்கள். ஒரு பக்கம் போதாமல் இரண்டாவது பக்கத்தையும் ஒட்டியிருந்தார்கள். எல்லாம் ஊரில் பெரிய மனிதர்களின் பெயர்கள். பட்டியல் ஒட்டியதற்காகவே சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். கிளப் கடன் நின்றுபோனது. ஒரு நாள் காலையில், நாலு வருடம் முன்பே பொருளாளர் பதவியை விட்டவர் ஒருவர், மஞ்சள் பையில் வங்கி நோட்டீஸோடு என் அலுவலகத்துக்கு வந்தார். "ஏனுங்க, நான் இப்ப கமிட்டியிலயே இல்லீங்களே, எனக்கு எதுக்குங்க அனுப்பியிருக்காங்க?" என்று கேட்டார். நோட்டீஸை மேஜைமேல் வைத்துவிட்டு அதன் ஓரத்தைத் தடவித் தடவி நேராக்கிக்கொண்டே இருந்தார். பதவியில் இருந்தபோது தன் தறிக் குடோன் பத்திரத்தைக் கொடுத்து உத்தரவாதக் கையெழுத்துப் போட்டிருந்தார். பதவி விட்டபோது அந்தக் கையெழுத்தையும் விடுவித்துக் கொடுங்கள் என்று வங்கியில் எழுதிக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. தணிக்கை பார்த்த நானும் சொல்லியிருக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கடன் வாங்கியவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. கிளப்பிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. சாதாரண உறுப்பினராக இருக்கும் வரை உங்கள் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஆபத்தில்லை. தனிப்பட்ட ஜாமீனில் கையெழுத்துப் போட்ட நிமிடம் அது மாறிவிடும். ஆகவே என் பதில் நேரானது: போடாதீர்கள். குழுவில் சேர்வது உங்கள் விருப்பம். ஜாமீன் வேண்டாம். கிளப்பின் வரவையும் சொத்தையும் பார்த்து வங்கி தருகிற கடன் போதவில்லை, ஆள் ஜாமீனும் வேண்டும் என்றால், கிளப்பின் தகுதிக்கு மேல் கேட்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சொத்து என்றதும் நிலம் ஞாபகம் வருகிறது. கிளப் இருக்கும் இடம் கிரயம் வாங்கியதா, அரசு குத்தகையா? உங்கள் கடிதத்தில் இதற்குப் பதில் இல்லை. நம் ஊர்களில் பல பழைய கிளப்புகள் குத்தகை நிலத்தில் இருக்கின்றன. குத்தகை நிலத்தை அரசு அனுமதி இல்லாமல் அடமானம் வைக்க முடியாது. வங்கி அப்போது கண்டிப்பாக ஆள் ஜாமீனைத்தான் தேடும். சொந்த நிலம் என்றால் பத்திரத்தை வங்கியில் வைத்து எம்.ஓ.டி. என்ற அடமான ஆவணம் போடுவார்கள். தவணை 90 நாள் நின்றால் கடன் வாராக் கடன் ஆகும். அதன் பிறகு 2002-ஆம் வருட சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே நிலத்தை எடுக்கும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். 1978-இல் பத்துப் பதினைந்து பேர் சேர்த்த இடம் அது.

அப்படியானால் கடனே வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஷட்டில் கோர்ட் எனக்கு நல்ல யோசனையாகவே படுகிறது. உங்கள் ஊரில் தனியார் உள்ளரங்கில் மணிக்கு 300 ரூபாய் கொடுத்து உங்கள் உறுப்பினர்களே ஆடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், பணமும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது, வெளியே. நாலு கோர்ட், காலையில் நாலு மணி நேரம், மாலையில் ஐந்து மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 36 மணி. அதில் 21 மணி ஓடினாலும் மாதம் 1 லட்சத்து 89 ஆயிரம் வரும். ஆள், கரண்டு, பராமரிப்புக்கு 45 ஆயிரம் போனால் 1 லட்சத்து 44 ஆயிரம் நிற்கும். ஷட்டிலுக்கு மட்டும் ஒரு கோடி கடன் என்றால் தவணை 1 லட்சத்து 35 ஆயிரம். தன் காலில் தானே நின்றுவிடும். கூட்டம் குறைந்து 14 மணிதான் ஓடுகிறது என்றால் மாதம் 54 ஆயிரம் துண்டு விழும், ஆளுக்கு 100 ரூபாய். அந்த நூறு ரூபாயைத் தாங்குவோம் என்று 540 பேர் முன்கூட்டியே ஒத்துக்கொண்டால் அது நல்ல கடன். வெளி ஆட்களுக்கும் வாடகைக்கு விடும் யோசனை இருந்தால் மட்டும் முதலில் ஆடிட்டரிடம் கேளுங்கள். உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டு எடுக்கும் பணத்துக்கு வருமான வரியில் இருக்கும் சலுகை வெளி வருமானத்துக்குக் கிடையாது. கிளப்பில் உறுப்பினராக இருக்கும் வங்கிகளில் கிளப் போட்ட டெபாசிட்டின் வட்டிக்கே அந்தச் சலுகை இல்லை என்று 2013-இல் பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீச்சல் குளம் வேறு ஜாதி. 25 மீட்டர் நீளம், பன்னிரண்டரை மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் நாலே முக்கால் லட்சம் லிட்டர் தண்ணீருக்குக் கொஞ்சம்தான் குறைவு. 12 ஆயிரம் லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட 40 லோடு. சித்திரை வெயிலில் ஆவியாகப் போவதை தினமும் ஈடுகட்ட வேண்டும். போர் ஆயிரம் அடி போயும் புகை பறக்கிற ஊரில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. ஃபில்டர், குளோரின், உயிர்காப்பாளர் சம்பளம் எல்லாம் குளத்தில் ஒருவர் இறங்கினாலும் ஐம்பது பேர் இறங்கினாலும் ஒன்றுதான். 2020-இல் கொரோனா ஊரடங்கில் குளங்கள் மூடிக் கிடந்தபோதும் செலவு நிற்கவில்லை. அன்று ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. குளத்துக்குக் கடன் வாங்காதீர்கள். பிள்ளைகளுக்காக வேண்டும் என்றால் அதற்கென்று தனி நிதி சேர்த்து, பாதிப் பணமாவது கைக்கு வந்த பிறகு பேசுங்கள்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பேனாவில் எழுதியிருந்ததையும் கவனித்தேன்: வங்கி இழுத்தடித்தால் உறுப்பினர்களிடமே 12 சதவீத வட்டிக்கு டெபாசிட் வாங்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறதாம். இதில் மட்டும் தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். ஈமு கோழிப் பண்ணைகளில் டெபாசிட் போட்டு 2012-இல் நம் பக்கம் ஏமாந்தது போதும். டெபாசிட்தாரர் பாதுகாப்புக்கு 1997-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டமும், முறைப்படுத்தப்படாத டெபாசிட்டுகளைத் தடுக்க 2019-ஆம் வருட மத்தியச் சட்டமும் இருக்கின்றன. அவற்றில் சிக்காமல் செய்ய முடியுமா என்று வக்கீல் எழுத்தில் சொல்லும் வரை ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

கடைசியாகக் கூட்டம். நோட்டீஸில் தேதி 3, கூட்டம் 17. பதினான்கு நாள்தான் இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும், வாக்குரிமையோடு கூட்டத்துக்கு வந்தவர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவும் வேண்டும். திருத்தத்தைப் பதிவாளரிடமும் பதிய வேண்டும். 17-ஆம் தேதி எல்லோரும் கை தூக்கினாலும் வங்கி வக்கீல் இந்தத் தேதிகளைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவார். கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்லி உங்கள் மச்சானைச் சங்கடப்படுத்த வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்குப் போங்கள். கணக்கில் அந்த நாலாவது வரியைக் காட்டுங்கள். "மச்சான், நான் கடனை எதிர்க்கலீங்க. ஷட்டில் கோர்ட்டுக்கு ஒரு கோடி, பத்து வருசம், ஆள் ஜாமீன் இல்லாம, சந்தா நூறு ரூபா உயர்வோடன்னு தீர்மானத்துல எழுதுங்க. இந்த ஒரு வேலைக்கு மட்டும், பழைய வரம்பு அப்படியே இருக்கட்டும். நானே முன்மொழியறேன்" என்று சொல்லுங்கள். 21 நாள் வைத்துப் புது நோட்டீஸ் போடட்டும். ஓட்டைச் சீட்டில் போடலாம் என்றும் கேளுங்கள். உறவுக்காரர் மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிர்த்துக் கை தூக்குவது உங்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் கஷ்டம்தான்.

அவர் சரி என்றால், புது நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் அந்த நிலத்துப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் இரண்டு பேருமாக உட்கார்ந்து படியுங்கள். குத்தகை என்றால் எந்த வருடம் முடிகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.